அளவு எடுக்காத நாட்கள்

மணிமங்கலம்
12-6-1991

அன்புள்ள தங்கை சசிரேகாவுக்கு, அக்கா செங்கமலம் எழுதுவது.

பெருமாள் கிருபையில் இங்கே உன் மாமா, ரஞ்சனி, நான் மூவரும் சுகம். நீயும் ஐதராபாத்தில் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷமாக நினைத்துக்கொள்வது ஒன்றுதான் நமக்குள் நடக்கிறது. நிச்சயம் வரைக்கும் வந்த வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு நீ வேலைக்குக் கிளம்பியபோது, "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றேன். அது வாடகை வீட்டு வாசப்படி. இப்போது சொந்தமாக ஒன்று வரப்போகிறது. அதனால் வாக்கு மாறியதாகாது.

படப்பை போகும் வழியில் சித்தேரிக்குக் கீழண்டை முனிரத்தினம் என்பவர் மனை பிரித்து மஞ்சள் கல் நட்டிருக்கிறார். அதில் ஓரத்து மனை நமக்கு. வைகாசி முடிவதற்குள் பூமி பூஜை போட்டாகிவிட்டது. இந்த வீட்டுக்காரர் தை மாதம் மகன் கல்யாணம் வைத்திருக்கிறார். ஐப்பசிக்குள் நாங்கள் காலி செய்தாக வேண்டும்.

நான் லேசில் நம்புகிறவளா? கீரைக்காரியிடமே நாலு கேள்வி கேட்பேன். "ஏரிக்குக் கீழே மனை என்கிறீரே, தண்ணீர் வராதா?" என்று கேட்டேன். அந்த ஆள் கோபப்படவே இல்லை. அரசாங்க ஆபீசில் வாங்கியதென்று ஒரு கம்ப்யூட்டர் தாளை விரித்தார். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, பாய் நீளம். சித்தேரியின் நீர்மட்டம், முப்பது வருஷத்துக்கு, நாள் தவறாமல்.

"எழுவத்தாறுல வெள்ளம், எம்பத்தஞ்சுல வெள்ளம்னு ஊர்ல பயமுறுத்துவாங்கம்மா. அந்த வருசத்தைப் பாரு. கார்த்திகை மாசத்துல சைபர், சைபர், சைபர். மெட்ராசே முழுகுனப்பகூட இந்த ஏரியில தண்ணி இல்ல. இத்தை நான் சொல்லல, மிசின் சொல்லுது" என்றார்.

எண்பத்தைந்தில் நாம் குன்றத்தூரில் மலையடிவாரத்தில் இருந்தோம். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்கு என்ன தெரியும்? மனை வாங்கிய எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்தார். நான் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

மே மாதச் சம்பவத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இன்னும் பஸ்ஸை நிறுத்தித் துருவுகிறார்கள். மாமா இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். நம் வீடு நம் பூட்டு என்று ஆகிவிட்டால் பாதி பயம் போகும்.

கிரகப்பிரவேசத்துக்கு வா. அம்மா இருந்திருந்தால் பால் காய்ச்சும்போது பக்கத்தில் நின்றிருப்பாள். அந்த இடம் உன்னுடையது.

அக்கா,
செங்கமலம்

ஐதராபாத்
22-6-1991

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். திட்டு என்றால் மத்தியானத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம் என்று. கட்டாயம் வருகிறேன். பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைப்பதும் என் வேலைதானே.

ஒரு அதிசயம் கேள். அந்தத் தாள் எங்கள் மையத்திலிருந்து வந்ததாக இருக்கும்! மேல் ஓரத்தில் எங்கள் மையத்தின் சின்னம், ஒரு துளியும் மூன்று அலையும், இருக்கிறதா பார். தென்னாட்டு ஏரி, ஆறு, மழை எல்லாவற்றின் அளவும் இங்கேதான் சேர்கிறது. என் வேலை அதைப் பழைய டேப்பிலிருந்து புதுக் கோப்புக்கு மாற்றுவது.

நீ கேட்பாய், மாற்ற என்ன இருக்கிறது என்று. பழைய டேப்பில் எண்கள் மட்டும்தான் இருக்கும், ஒரே சரமாக. எது ஊர், எது தேதி, அடியா மீட்டரா, இதெல்லாம் தனியாக ஒரு தாளில். தாள் தொலைந்தால் டேப் ஊமை. புது முறையில் கோப்பின் தலையிலேயே எல்லாம் எழுதிவிடுகிறோம். யார் கைக்குப் போனாலும், எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும், நான் இன்ன ஊர், என்னை இப்படிப் படி என்று கோப்பே சொல்லும்.

அளவு எடுக்காத நாளுக்கு என்ன குறி என்றுகூட அங்கே ஒரு இடம் உண்டு. நாங்கள் வைத்திருக்கும் குறி 9999. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசிப் பானை காலியானால் "இல்லை" என்று சொல்லக் கூடாது, "நிறைஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும் என்று அம்மா என் தலையில் குட்டுவாளே! நம் வீட்டு வழக்கம் தெரியாதவன் நிறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவான். அப்படி ஏமாறாமல் இருக்கத்தான் கோப்பின் தலையில் வழக்கத்தையும் சேர்த்து எழுதுவது.

செங்கை மாவட்டம் முழுவதும் மாற்றியது நான்தான். நீ மஞ்சள் தடவி வைத்திருப்பது உன் தங்கையின் வேலை. இதைத் தெரிந்த பிறகாவது வரனைப் பற்றிய பேச்சை விட்டுவிடு.

உன்,
சசி

மணிமங்கலம்
15-7-1991

அன்புள்ள சசி,

சின்னம் இருக்கிறது. துளி ஒன்று, அலை மூன்று. ரஞ்சனிதான் கண்டுபிடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயிலில் கங்கா மாமியிடம் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் சொன்னேன். முனிரத்தினம் வீட்டுக்கே வந்து, "உங்க தங்கச்சி பண்ணதா? முன்னயே சொல்லக் கூடாதாம்மா!" என்று சோபாவே இல்லாத நம் வீட்டில் அரை மணி உட்கார்ந்திருந்தார். யோசித்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பம் உன் பேரைக் கேட்டதும் பத்திரம் பதிந்துவிட்டது. "சொந்த அக்காவையே குடி வைக்கிற இடத்தில் தப்பு இருக்குமா?" என்று கேட்டார்களாம்.

அஸ்திவாரம் வேகமாகப் போகிறது. ஆடிக்கு முன்பே கல் வைத்தாகிவிட்டது. இடம் ராசியான இடம், சசி. கிணறு தோண்ட ஆரம்பித்து ஆள் இடுப்பு மறைவதற்குள் ஊற்று. அதுவும் கோடையில்! மணிமங்கலத்தில் நாங்கள் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தவம் கிடக்கிறோம். மனையெங்கும் நாணல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. வெட்டினாலும் மறுவாரம் தலை நீட்டுகிறது.

அங்கே கிளியம்மாள் என்று ஒரு கிழவி ஆடு மேய்க்கிறாள். நான் சித்தாளுக்கு மோர் கொடுக்கப் போனபோது பேச்சுக் கொடுத்தாள்.

"இங்கயா வூடு கட்ற?"

"ஆமாம், ஏன்?"

"ஒன்னுமில்ல. அடமழையில எங்க ஆடே இந்தப் பக்கம் எறங்காது. நீ இன்னாடான்னா பூஜை ரூம்பு கட்ற."

சித்தாள்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உன் ஆட்டுக்குக் கம்ப்யூட்டர் படிக்கத் தெரியுமா கிழவி?" என்றேன். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏரி நிரம்பினால் வழிவதற்கு ஒரு கலங்கல் இருந்ததே, அதன் வாயில் செங்கல் உடைசலைக் கொட்டி முனிரத்தினம் லாரி வரச் சாலை போட்டுவிட்டார். முன்பு சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது சௌகரியம்.

புடவை என்ன நிறம் வேண்டும்? அரக்கு வேண்டாம், உன்னிடம் இருக்கிறது.

அக்கா

ஐதராபாத்
19-8-1991

அன்புள்ள அக்கா,

புடவையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒரு காரியம் செய். தாளில் எண்பத்தைந்து நவம்பரை எடு. சைபர் தொடங்குவதற்கு முந்தின நாள் எவ்வளவு, சைபர் முடிந்த மறுநாள் எவ்வளவு என்று பார்.

நான் இங்கே பார்த்துவிட்டேன். முந்தின நாள் பதினோரு அடி. மறுநாள் சைபர். பத்து நாள் தொடர்ந்து சைபர். பிறகு திடீரென்று பத்தரை அடி. எழுபத்தாறிலும் இதே கதை. ஏரி அப்படி ஒரே ராத்திரியில் வற்றி ஒரே ராத்திரியில் நிரம்பாது, அக்கா. மணிமங்கலம் ஏரி நிரம்பித்தான் சித்தேரிக்கு வரும். அந்த நாட்களில் மணிமங்கலம் ஏரி விளிம்பு தட்டியிருக்கிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மற்ற ஊர்க்காரர்கள் அளவு எடுக்காத நாளில் 9999 என்று எழுதி அனுப்பினார்கள். சித்தேரிக்காரர் கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறார். வெறும் கட்டத்தை எங்கள் மெஷின் சைபர் என்று படிக்கும். அதன் குணம் அது. நீ கணக்கு எழுதும்போது செலவில்லாத நாளுக்கு ஒரு கோடு போடுவாயே, வெறுமனே விட்டால் மறந்ததா, இல்லாததா என்று தெரியாது என்பாயே, அந்தக் கோடு எங்கள் டேப்பில் இல்லை. நானும் தேடவில்லை. 9999ஐ மட்டும் தேடினேன்.

அப்படியானால் உன் தாளில் இருக்கும் சைபர் தண்ணீர் இல்லாத நாள் இல்லை. ஒருவரும் போய்ப் பார்க்காத நாள்.

ஏன் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அளவு எடுத்தவர் பெயர் பலராமன் என்று பதிவில் இருக்கிறது. மணிமங்கலத்துக்காரர். இருந்தால் தயவுசெய்து அவரிடம் கேள். அதுவரை சுவரை எழுப்பாதே.

சசி

மணிமங்கலம்
2-9-1991

சசிக்கு,

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி எழுதுகிறாய். கொத்தனார் என்ன உன் ஆபீஸ் மெஷினா, பொத்தானை அமுக்கினால் நிற்க?

பலராமனைக் கேட்டுவிட்டேன். பெருமாள் கோயில் பின்புறம் இருக்கிறார். இப்போது கண் தெரிவதில்லை. பகலிலேயே வாயில் வாடை. ஏன் அந்தப் பத்து நாளை எழுதவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அளக்கிற கோலே முங்கிப் போச்சும்மா. எத்தைப் பார்த்து எழுதறது? பொண்டாட்டி புள்ளைங்கள இழுத்துக்கினு கோயில் மண்டபத்துல கெடந்தேன். ஒன்னும் எழுதாம வுட்டா ஆபீசுல புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்."

நான் கேட்டேன், "கோல் முங்கியது என்றே எழுதியிருக்கலாமே?" அதற்கு அவர், "அதுக்குக் கட்டம் இல்லியேம்மா. நம்பருக்குத்தான் கட்டம் போட்டிருந்தான்" என்கிறார்.

கேட்டாயா? வேலைக்குப் போகாமல் பத்து நாள் மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு, ஆறு வருஷம் கழித்து ஒரு கதை. நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற முனியம்மாள் நாலு நாள் வராவிட்டாலும் இப்படித்தான் சொல்வாள். அதற்காக அவள் குடிசை முங்கிவிட்டது என்று நான் நம்ப வேண்டுமா?

ஜூனில் உன் வேலை என்று மார் தட்டினாய். அதைக் கேட்டு நான் ஊரெல்லாம் சொன்னேன். இப்போது ஆகஸ்டில் அதே தாள் தப்பு என்கிறாய். ஜூனில் கோப்பே பேசும், தன்னை எப்படிப் படிப்பது என்று அதுவே சொல்லும் என்றாயே, பேசிய கோப்பு பொய் சொல்லிற்றா? எது உண்மை, சசி? நீ வரனை வேண்டாமென்றதும் இப்படித்தான். எல்லாம் கூடி வந்து, வாசலில் வாழை கட்டப்போகும் நேரத்தில் "எனக்கு மனசு சரியில்லை" என்றாய்.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சுவர் எழும்புவது உனக்கு உறுத்துகிறது என்று நான் எழுத மாட்டேன். மாமாதான் சொல்கிறார்.

கிரகப்பிரவேசம் நவம்பர் பத்து, வளர்பிறை ஞாயிறு. வருவதானால் இந்தப் பேச்சை ஐதராபாத்திலேயே விட்டுவிட்டு வா. பால் காய்ச்சுகிற இடத்தில் அபசகுனமாக ஒரு சொல் விழுந்தாலும் எனக்குத் தாங்காது. வாயைக் கட்ட முடியாது என்றால் வராதே.

செங்கமலம்

ஐதராபாத்
14-9-1991

அக்கா,

பலராமன் சொன்னதை நீ கோபத்தில் எழுதினாய். நான் அதை நாலு முறை படித்தேன். அளக்கிற கோல் பதினைந்து அடி உயரம். அது முங்கியிருக்கிறது.

அதிகாரியிடம் போனேன். கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். "குடிகாரன் பேச்சைக் கோப்பில் ஏற்ற முடியாது, அம்மா. பழைய டேப்பை எடு, எந்தக் கட்டம் வெறுமை என்று பார்ப்போம்" என்றார். நியாயம்தான். டேப் அறைக்குப் போனேன். செங்கை மாவட்டத்து டேப் எதுவும் இல்லை.

அன்னியச் செலாவணி இல்லை என்று இந்த வருஷம் புது டேப் இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். மாற்றி முடித்த பழைய டேப்பையெல்லாம் அழித்து அதன்மேலேயே வேறு கணக்கை எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் "மாற்றி முடித்தது, அழிக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டிருப்பது நான்.

இப்போது எங்களிடம் புதுக் கோப்பு ஒன்றுதான். அதில் கோடையில் ஏரி உண்மையாகவே காய்ந்த நாளும் சைபர், கோல் முங்கிய நாளும் சைபர். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய ஒரே பொருளை அழித்தாகிவிட்டது. இந்தக் கோப்பை நம்பித்தான் உங்கள் பக்கம் தொழிற்பேட்டைக்கும் இடம் பார்க்கிறார்களாம். சந்தேகம் என்று ஒரு வரியாவது தலையில் சேர்க்கிறேன் என்று கேட்டேன். தணிக்கை முடியட்டும், ஜனவரியில் பார்க்கலாம் என்றார். நவம்பருக்குப் பிறகு ஜனவரியில், அக்கா.

நீ என்னை நம்ப வேண்டாம். கிளியம்மாளின் ஆட்டை நம்பு. கோடையில் இடுப்பளவில் ஊறும் கிணற்றை நம்பு. நாணல் எங்கே முளைக்கும் என்று உனக்குத் தெரியாதா? வீட்டைக் கட்டி முடி, பூட்டி வை. தை பிறந்ததும் குடி போ. அதுவரை குன்றத்தூரில் ஒரு அறை பார், வாடகை என் பொறுப்பு.

அதுவும் மாட்டேன் என்றால் ஒன்றே ஒன்று செய். வாராவாரம் வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கார்டு போடு. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் "ஒன்றுமில்லை" என்று எழுது. வெறுமனே மட்டும் விட்டுவிடாதே.

நவம்பர் பத்துக்கு என்னால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே வரவில்லை.

சசி

மணிமங்கலம்
23-9-1991

சசிக்கு,

வரவில்லை என்று எழுதிவிட்டாய். நல்லது. அந்த இடத்தில் கங்கா மாமி நிற்பாள்.

சுமங்கலி குடி போகாத புது வீட்டைப் பூட்டி வைப்பதா? விளக்கேற்றாத வீட்டில் எது வந்து குடியேறும் என்று உனக்குத் தெரியாது. குன்றத்தூருக்குப் போனால் மாமா எப்படி ஆறு மணி ஷிப்டுக்குப் போவார்? ரஞ்சனி பள்ளிக்கூடம்? எல்லாவற்றையும் நீ ஒரு வரியில் மாற்றுகிறாய், டேப்பை மாற்றுகிற மாதிரி.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் ஏரிக் கரையைப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது, "பூஜை ரூம் தரையைக் கொஞ்சம் உசத்திப் போடச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

கார்டு போடுகிறேன். ஒன்றுமில்லை என்று சொல்வதற்குப் பதினைந்து காசு. உன் திருப்திக்கு.

செங்கமலம்

(கார்டு) 4-10-1991
ஒன்றுமில்லை. கூரை போட்டாகிவிட்டது.

(கார்டு) 11-10-1991
ஒன்றுமில்லை. நவராத்திரி சுண்டல் நாளெல்லாம் உன்னை ரஞ்சனி கேட்டாள்.

(கார்டு) 18-10-1991
ஒன்றுமில்லை. ஐப்பசி முதல் தூறல். பூச்சு காயவில்லை.

(கார்டு) 25-10-1991
மழை. வேறு ஒன்றுமில்லை. சித்தி, எங்கள் வீட்டுக் கிணற்றில் தவளை இருக்கிறது. இப்படிக்கு ரஞ்சனி.

(கார்டு) 1-11-1991
மழை. பூச்சு இன்னும் காயவில்லை. கிளியம்மாள் ஆடுகளோடு குன்றத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். போகிறபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு ஒன்றுமில்லை.

ஐதராபாத்
4-11-1991

அக்கா,

இந்தக் கடிதம் தீபாவளி கழித்துத்தான் உனக்குக் கிடைக்கும். ஐந்து கார்டையும் மேஜைக்கு மேலே வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒன்றுமில்லை என்று எழுதுகிறாய். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

பஸ் நிறுத்தத்துப் போன் கடைக்கு நேற்று பேசினேன். கடைக்காரர், "சித்தேரியா? ரொம்பிக்கினு வருதும்மா, பார்க்க ஜோரா கீது" என்றார்.

வானிலைச் செய்தி எங்களுக்குத்தான் முதலில் வரும். வங்கக் கடலில் ஒன்று உருவாகிறது. நான் அபசகுனம் பேசவில்லை. கெஞ்சுகிறேன். பாலைக் காய்ச்சு, விளக்கேற்று, சாமிக்குச் சொல்லிவிட்டு அன்றைக்கே மணிமங்கலத்துக்குத் திரும்பிவிடு. வீட்டுக்காரரிடம் கார்த்திகை வரை தவணை கேள். என் பேரைச் சொல்லி இரண்டு குடும்பம் அங்கே வந்ததாக எழுதினாயே, அவர்களிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

சசி

(கார்டு) 8-11-1991
மழை. வேறு ஒன்றுமில்லை.

சித்தேரி நகர், படப்பை வழி
11-11-1991

அன்புள்ள சசி,

புது விலாசத்திலிருந்து முதல் கடிதம் உனக்குத்தான். கோபம் பாலோடு பொங்கிப் போய்விட்டது.

நேற்று நல்லபடியாக முடிந்தது. குடையோடு ஹோமம். ஐயர் மடித்துக்கட்டிக்கொண்டு சேற்றைத் தாண்டி வந்தார். "வாசல்ல தண்ணி நின்னா லட்சுமி கால் அலம்பிண்டு வர்றானு அர்த்தம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பசு மட்டும் உள்ளே வரவில்லை. சாலையிலேயே நின்றுகொண்டது. இழுத்துப் பார்த்தார்கள், கன்றைக் காட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அங்கேயே நிறுத்திக் கற்பூரம் காட்டினோம்.

பால் கிழக்கே பொங்கியது. கங்கா மாமியை நிற்கச் சொல்லவில்லை. உன் இடத்தில் அம்மாவின் பித்தளைச் சொம்பை வைத்தேன். அரக்கில்லாமல் பச்சையில் ஒரு புடவை உனக்காக அதன்மேல்.

மணிமங்கலம் வீட்டுச் சாவியை நேற்றே கொடுத்துவிட்டோம். உன் கடிதம் சனிக்கிழமையே வந்தது. படித்தேன். அதற்குள் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டுவிட்டார். அந்த இரண்டு குடும்பத்துக்கும் காட்டவில்லை. காட்டக் கையெழவில்லை, சசி. உன் பேரைச் சொல்லி வந்தவர்கள்.

ஒன்று எழுதட்டுமா? ராத்திரி நான் கிணற்றுக்குப் போனேன். கயிறு போடாமல் சொம்பாலேயே மொண்டேன். திரும்பி வரும்போது கால் விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது. கெண்டைக் குஞ்சு. நம் வாசலில். காலையில் ரஞ்சனி துண்டை விரித்து ஏழெட்டுப் பிடித்துவிட்டாள். ஏரி மீன் வாசல்வரை எந்த வழியாக வந்தது என்று மாமாவைக் கேட்டேன். அவர் கலங்கல் பக்கம் பார்த்தார். முனிரத்தினம் போட்ட சாலைக்கு மேலே தண்ணீர் மெல்லியதாக, கண்ணாடி மாதிரி, ஓசையில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆளனுப்பினால் முனிரத்தினம் ஊரில் இல்லையாம்.

தாள் பூஜை அறையில்தான் இருக்கிறது. மாமா அந்தத் தரையை ஒரு அடி உயர்த்தியிருக்கிறார். மஞ்சள் தடவியதை எடுத்தெறிய மனசு வரவில்லை. ஆனால் எண்பத்தைந்து நவம்பரை இன்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் பதினோரு அடி என்று நீ சொன்னது சரிதான். அப்போது ஏன் பார்க்காமல் போனேன் என்று கேட்காதே.

கார்த்திகை தீபத்துக்கு வா. பேசு, என்ன வேண்டுமானாலும் பேசு. நான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கார்டு வழக்கம்போல் வரும்.

உன் அக்கா,
செங்கமலம்

ஐதராபாத்
20-11-1991

அக்கா,

வெள்ளிக்கிழமை கார்டு வரவில்லை.

திங்கட்கிழமை தபால்காரர் வந்தார், மற்றவர்களுக்குக் கடிதம் இருந்தது. நேற்றும் வந்தார். போன் கடைக்கு அடித்தால் மணி அடிக்கிற சத்தம்கூட இல்லை. காதில் காற்று வீசுகிற மாதிரி ஒன்று. தந்தி கொடுத்தேன். படப்பை வழியாக விநியோகம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மாமாவின் கம்பெனிக்குப் பேசினேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஆள் வரவில்லை, அந்தப் பக்கத்து ஆள் யாருமே வரவில்லை, ஆகவே ஷிப்ட் கார்டில் ஆப்சென்ட் போட்டிருக்கிறோம் என்றார் ஒருவர்.

இன்று காலை உங்கள் மாவட்டத்திலிருந்து இந்த வாரத்து அளவு எங்கள் மையத்துக்கு வந்தது. மணிமங்கலம் ஏரி விளிம்பு தட்டிவிட்டது. சித்தேரிக்கு நேரே எல்லாக் கட்டமும் வெறுமை.

அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர்தான். "பயப்படாதே அம்மா, கெட்ட செய்தி என்றால் எப்படியாவது வந்துவிடும். ஒரு தகவலும் வரவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம்" என்றார்.

நான் அவர் மேஜையில் உட்கார்ந்தே சித்தேரிக் கோப்பைத் திறந்தேன். அதன் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: இதில் சைபர் என்றிருக்கும் மழைக்கால நாட்களில் அளவு எடுக்கப்படவில்லை, அளக்கும் கோல் மூழ்கியிருந்தது, சொன்னவர் பலராமன். அவர் பின்னால் நின்று படித்தார். தணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பிரயோஜனமில்லை என்று தெரியும். இனிமேல் அந்தத் தாளைக் காட்டி யாரும் யாரையும் அங்கே குடிவைக்கக் கூடாது.

இன்று மாலை ரயிலுக்குக் கிளம்புகிறேன். கூடூருக்கு அப்பால் தண்டவாளம் அரித்துப் போயிருக்கிறதாம். எதுவரை போகிறதோ அதுவரை போய், பிறகு பஸ், பிறகு நடை. நாளைக்குத் தீபம். வா என்று எழுதியிருக்கிறாய், வருகிறேன். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன்.

சுவரில் உன் கார்டுகள் வரிசையாக இருக்கின்றன. நவம்பர் எட்டு வரை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று. அதற்கு அடுத்த ஆணியில் எதையும் மாட்டவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு நான் சைபர் போடவில்லை, அக்கா. கோடும் போடவில்லை. வேறு எந்தக் குறியும் போட என் கை வரவில்லை. எழுதாத ஒரு கார்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நீதான் உன் கையால் எழுத வேண்டும்.

சசி